எவ்வளவு மூச்சை விட்டுவைப்பது?

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வலையைக் கடனுக்கு வாங்கலாம். வள்ளத்தை வாடகைக்கு எடுக்கலாம். இயந்திரத்தைக்கூடத் தவணைக்குப் பெறலாம். மூச்சை மட்டும் அவரவர்தான் கொண்டுவர வேண்டும். சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிறவருக்கு அதுதான் கைமுதல். விடிய விடியக் கூத்துப் பாடுகிறவருக்கும் அதுதான். முன்பு கரையூர் என்று அழைக்கப்பட்ட இந்த ஊரில் ஒருவருக்கு நெஞ்சில் கட்டி, அது புற்றுநோய் என்று சொன்னால், வீட்டார் இரண்டு கேள்வி கேட்பார்கள். ஆள் தப்புவாரோ? திரும்பக் கடலுக்குப் போவாரோ?

முதல் கேள்விக்காக மருத்துவம் நூறு வருடமாகப் பாடுபடுகிறது. இரண்டாவது கேள்வியைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் காதில் போட்டுக்கொள்ளத் தொடங்கியது பிந்தித்தான். இன்று நுரையீரல் புற்றுநோய்க்கு "ஆளுக்கேற்ற சிகிச்சை" என்று பேசுகிறபோது எல்லோரும் மரபணுச் சோதனையையும் விலை கூடிய குளிசைகளையும்தான் நினைக்கிறார்கள். என் எண்ணம் வேறு. அந்தச் சிகிச்சை பிறந்தது இந்த இரண்டாவது கேள்வியில்தான். முதலில் கேட்டவர் மீனவரும் இல்லை. விமானம் ஓட்ட ஆசைப்பட்ட ஓர் இளைஞன்.

கதைக்குள் போகுமுன் பொருளைச் சொல்லிவிட வேண்டும். வலது நுரையீரலில் மூன்று சோணைகள், இடதில் இரண்டு. ஒவ்வொரு சோணையும் தனித்தனிக் காற்றுக்குழாயும் இரத்தக்குழாயும் கொண்ட துண்டங்களாகப் பிரியும். வழக்கமான கணக்கில் வலதில் 10, இடதில் 9, மொத்தம் 19. இரண்டு பேருக்கு ஒரே இடத்தில், வலது மேற்சோணையில், ஒரே அளவில் கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஐம்பது வயதுச் சுழியோடி. மற்றவர் எழுபதைத் தாண்டியவர், வாழ்நாளெல்லாம் சுருட்டுப் பிடித்து நுரையீரல் ஊதிப்போனவர். இருவருக்கும் ஒரே சத்திரசிகிச்சை செய்தால் ஒருவர் தொழிலுக்குப் போவார், மற்றவர் கட்டிலோடு கிடப்பார். அவ்விதம் நடக்காமல், எங்கே வெட்டுவது, எவ்வளவை விடுவது, வெட்டுமுன் என்ன மருந்து, வெட்டியபின் என்ன மருந்து, வெட்டத்தான் வேண்டுமா என்று ஆளைப் பார்த்துத் தீர்மானிப்பதுதான் இந்தச் சிகிச்சை.

நெஞ்சைத் திறப்பதே ஒரு காலத்தில் கொலைக்குச் சமம். விலாவுக்குள் காற்றுப் புகுந்த மறுகணம் நுரையீரல் சுருங்கி விழுந்துவிடும். 1904இல் பிரெஸ்லாவ் நகரில் ஃபெர்டினண்ட் சாவர்புரூக் அழுத்தம் குறைந்த ஒரு பெட்டியைச் செய்து, நோயாளியின் தலையை வெளியே விட்டு, உடலையும் மருத்துவரையும் உள்ளே வைத்துச் சத்திரசிகிச்சை செய்யும் வழியைக் காட்டினார். தொண்டைக்குள் குழாய் விட்டுக் காற்றைச் செலுத்தும் எளிய வழி வந்ததும் பெட்டி மூலைக்குப் போயிற்று. அந்தக் காலத்து நெஞ்சுச் சத்திரசிகிச்சையெல்லாம் பெரும்பாலும் காசநோயைச் சுற்றித்தான். சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரத்தில் டேவிட் சவுரிமுத்து 1928இல் சனிட்டோரியம் தொடங்கியபோது, மேற்கில் காசநோய்க்குச் செய்த பெரிய சத்திரசிகிச்சை விலா எலும்புகளை எடுத்துவிட்டு நெஞ்சுச் சுவரைச் சரியவிடுவது. நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க அவ்வளவு முரட்டு வழி. 1931இல் பேர்லினில் ருடோல்ஃப் நிசென் ஒரு சிறுமியின் சீழ்ப்பிடித்த நுரையீரல் முழுவதையும் எடுத்து அவளைப் பிழைக்கவைத்தார். ஒரு நுரையீரலோடு மனிதர் வாழலாம் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

புற்றுநோய்க்கு அதைச் செய்தவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பார்ன்ஸ் மருத்துவமனையில் இருந்த இவார்ட்ஸ் கிரஹாம். நோயாளி ஜேம்ஸ் கில்மோர், தானும் ஒரு மருத்துவர், பிட்ஸ்பர்க்கில் பிரசவம் பார்ப்பவர், வயது 48. இடது மேற்சோணையில் புற்றுநோய் என்று தெரிந்ததும் கில்மோர் சில நாள் வீட்டுக்குப் போய்வரக் கேட்டார். போன இடத்தில் இரண்டு வேலை பார்த்தார் என்று சொல்வார்கள். பல்லை அடைத்துக்கொண்டார், மயானத்தில் தனக்கு ஓர் இடமும் வாங்கிவைத்தார். பிழைப்பேன் என்ற நம்பிக்கையும் பிழைக்கமாட்டேன் என்ற கணக்கும் ஒரே ஆளுக்குள். பல்லை அடைத்த செய்தியைக் கேட்டபோது கிரஹாமுக்குத் தெம்பு வந்ததாம்.

1933 ஏப்ரல் 5ஆம் திகதி. ஒரு சோணையை மட்டும் எடுப்பதாகத்தான் திட்டம். திறந்து பார்த்தால் கட்டி அங்கே நிற்கவில்லை. கீழ்ச்சோணைக்குப் போகும் குழாயின் வாயிலும் பிடித்திருந்தது. ஒன்றில் மூடிவிட வேண்டும், அல்லது முழு நுரையீரலையும் எடுக்க வேண்டும். கிரஹாம் எடுத்தார். அடியில் குழாய்களை எல்லாம் சேர்த்துக் கட்டி வெட்டி, வெறுமையான இடத்தை நிரப்ப விலா எலும்புகள் சிலவற்றையும் எடுத்து நெஞ்சைச் சரியவிட்டார். காசநோய்க்காரரிடம் கற்ற பாடம். கில்மோர் இரண்டரை மாதம் மருத்துவமனையில் கிடந்து எழும்பினார், திரும்பப் பிரசவம் பார்க்கப் போனார், முப்பது வருடம் வாழ்ந்து 1963இல் வேறு காரணத்தால் இறந்தார்.

அவருக்குச் சத்திரசிகிச்சை செய்தவர் அதற்கு ஆறு வருடம் முந்தியே போய்விட்டார். கிரஹாம் பெரிய புகைகாரர். சிகரெட்டுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக முதலில் அவர் நம்பவில்லை. எர்ன்ஸ்ட் வைண்டர் என்ற மருத்துவ மாணவன் விடாமல் நச்சரித்துக் கணக்கெடுக்க, 684 நோயாளிகளைப் பற்றிய அந்த ஆய்வு 1950இல் இருவர் பெயரிலும் வந்தது. இங்கிலாந்தில் டோலும் ஹில்லும் அதே வருடம் அதையே காட்டினார்கள். கிரஹாம் பிறகு புகையை விட்டார், அது காணவில்லை. 1957 மார்ச்சில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். யாழ்ப்பாணத்தார் இதைப் படித்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றி அனுப்பிக் கல்வீடு கட்டிய மண் இது. சுருட்டுக் கொட்டில்கள் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டன, எத்தனை பிள்ளைகளைப் படிப்பித்தன! அந்தப் படிப்பில் டொக்டரானவர்களும் இருப்பார்கள்.

கில்மோர் பிழைத்ததில் ஒரு கெடுதலும் விளைந்தது. ஓர் ஆள் தப்பிய வழி எல்லோருக்கும் சட்டமாயிற்று. நுரையீரல் புற்றுநோய் என்றால் முழு நுரையீரலையும் எடு. இருபது வருடத்துக்கு அதுதான் ஒழுங்கு. கில்மோருக்கு மற்ற நுரையீரல் நன்றாக இருந்தது, அவர் வேலை நின்று பிள்ளை வாங்குகிற வேலை. வயதானவர்கள், இருதயம் தளர்ந்தவர்கள், ஏற்கெனவே புகையால் நுரையீரல் கெட்டவர்கள் என்ன ஆவார்கள்? பலர் புற்றுநோயிலிருந்து தப்பி மூச்சில்லாமல் இறந்தார்கள்.

இனி அந்த விமானி. 1947, லண்டன். நெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணர் கிளெமென்ட் பிரைஸ் தோமஸிடம் பிரித்தானிய விமானப்படையில் பயிற்சி பெறும் ஓர் இளைஞன் வருகிறான். வலது பெரிய காற்றுக்குழாயின் உள்ளே ஒரு கட்டி. கடும் புற்றுநோய் வகை அன்று, மெதுவாக வளர்வது. இருந்தாலும் எடுக்காமல் விட முடியாது. சட்டப்படி செய்தால் வலது நுரையீரல் முழுவதும் போகும், அதோடு பறக்கும் கனவும் போகும். பிரைஸ் தோமஸ் செய்தது இதுதான்: கட்டி இருந்த குழாய்ப் பகுதியை மட்டும் வளையமாக அறுத்து எடுத்து, மேலும் கீழும் இருந்த இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். நல்ல நுரையீரல் அப்படியே இருந்தது. வலை கிழிந்தால் குருநகரில் யாரும் முழு வலையையும் எறிவதில்லை. பழுதான கண்களை வெட்டி நீக்கிவிட்டு நல்ல நூலோடு நல்ல நூலை முடிவார்கள். அந்த வேலைதான். நெஞ்சுக்குள், அசைகிற குழாயில், காற்றுக் கசியாமல் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

நோயின் பெயரைப் பார்த்து வெட்டிய கை அன்றைக்கு நோயாளியின் தொழிலைப் பார்த்து வெட்டியது. என் கணக்கில் இந்தச் சிகிச்சையின் பிறந்தநாள் அதுதான். மரபணு வந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. 1952இல் பிலிப் அலிசன் அதே முறையைப் புற்றுநோய்க்கே செய்தார். பிரைஸ் தோமஸ் தன் அனுபவங்களைத் தொகுத்து 1956இல் எழுதினார்.

அதே பிரைஸ் தோமஸ்தான் 1951 செப்டெம்பர் 23இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஓர் அறையைச் சத்திரசிகிச்சைக் கூடமாக்கி ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் இடது நுரையீரலை எடுத்தவர். அரசனாக இருந்தாலும் கட்டி இருந்த இடம் சோணையோடு நிற்க விடவில்லை. அங்கேயும் தொழில் பற்றிய கவலை இருந்தது. குரல்வளைக்குப் போகும் நரம்பு கட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத் தொட்டால் நாட்டுக்கு வானொலியில் பேச வேண்டிய அரசனுக்குக் குரல் போய்விடும். அந்த வருட நத்தார்ப் பேச்சை அவர் நேரடியாகப் பேசவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்தார்கள். அடுத்த பெப்ரவரியில் மன்னர் இறந்தார். புகைகாரரான பிரைஸ் தோமஸும் பிற்காலத்தில் நுரையீரல் புற்றுநோய்க்குத் தன் நெஞ்சைக் கொடுத்து அறுவித்துக்கொண்டார், பிழைத்தும் இருந்தார். இந்தக் கதையில் வருகிற பெரிய ஆட்களில் எத்தனை பேருடைய விரலிடுக்கில் சிகரெட்!

1960 அளவில் சட்டம் இளகியது. முழு நுரையீரல் வேண்டாம், கட்டி இருக்கும் சோணையையும் பக்கத்து நிணக்கணுக்களையும் எடுத்தால் போதும் என்றாயிற்று. சோணையிலும் குறைக்கலாமா என்ற எண்ணம் அதற்கு முந்தியே இருந்தது. பொஸ்டனில் எட்வர்ட் சர்ச்சிலும் ரொனால்ட் பெல்சியும் 1939இலேயே, புற்றுநோய் அல்லாத ஒரு வியாதிக்கு, நுரையீரலின் ஒரு துண்டத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டியிருந்தார்கள். 1973இல் சிகாகோவின் ரொபர்ட் ஜென்சிக் சிறிய புற்றுக்கட்டிகளுக்கு அதைச் செய்து நல்ல பலன் என்று எழுதினார். அதன் பிறகு வந்தது ஓர் அடி. 1995இல் கின்ஸ்பர்க்கும் ரூபின்ஸ்டைனும் 247 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். சோணைக்குக் குறைவாக எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது மூன்று மடங்கு. கதவு சாத்தப்பட்டது. துண்டம் மட்டும் எடுப்பது, சோணையை இழக்கத் தாங்காத பலவீனர்களுக்கான சமாளிப்பு என்று ஒதுக்கிவைத்தார்கள்.

கதவைத் திரும்பத் திறந்தவர்கள் ஜப்பானியர். அங்கே சி.ரி. ஸ்கான் மலிந்து கிடந்ததால், எக்ஸ்ரேயில் கண்ணுக்கே படாத பயறளவுக் கட்டிகளும் பிடிபட்டன. 1995இன் ஆய்வு பார்த்த கட்டிகளும் இவையும் ஒன்றா? 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் கட்டிகளை மட்டும் எடுத்து, 1106 பேரைப் பிரித்து வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2022இல் வந்தது. சோணை முழுதும் எடுத்தவர்களில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 91.1. துண்டம் மட்டும் எடுத்தவர்களில் 94.3.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. துண்டம் மட்டும் எடுத்தவர்களுக்கு அந்த இடத்திலேயே நோய் திரும்பியது கூட, 5.4க்கு எதிராக 10.5. அப்படியிருந்தும் அவர்கள்தான் கூடுதலாகப் பிழைத்தார்கள். சோணையை இழந்தவர்கள் கூடுதலாக இறந்தது நுரையீரல் புற்றுநோயால் அல்ல. பின்னால் வந்த வேறு வியாதிகள், வேறு புற்றுநோய்கள் அவர்களைக் கூடுதலாகக் கொண்டுபோயின. விட்டுவைத்த நுரையீரல் அடுத்த நோய் வருகிற நாளில் கைகொடுக்கிறது என்றே பலர் இதை வாசிக்கிறார்கள். அடுத்த வருடமே 697 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்றும், சிறிய கட்டிகளுக்குக் குறைத்து எடுப்பது சோணையை எடுப்பதற்குச் சளைத்ததல்ல என்று சொன்னது. இதை எல்லாக் கட்டிக்கும் நீட்டிவிடக் கூடாது. கட்டி சிறிதாக, ஓரத்தில், நிணக்கணுவுக்குப் பரவாமல் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் நோயைக் கண்டுபிடிக்கிற நாளில் அப்படி இருக்கிறவர்கள் கொஞ்சப்பேர்தான். அதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி.

இனிச் சுழியோடியிடம் திரும்புவோம். கிளினிக்கில் பேச்சு இப்படிப் போகும்:

"என்ன தொழில் செய்யிறியள், ஐயா?"

"கடல் தொழில்தான், டொக்டர்."

"வலையோ, சுழியோடுறதோ?"

"ரெண்டும். சுழியோடுறதுதான் கூட."

"மாடிப்படி ஏறினா இளைக்குதோ?"

கடைசிக் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. நோயாளி ஒரு செக்கனில் எவ்வளவு காற்றைப் பலமாக ஊதி வெளியேற்றுகிறார் என்று கருவியில் அளப்பார்கள். சுழியோடிக்கு 3 லீற்றர் என்று வைப்போம். வலது மேற்சோணையில் மூன்று துண்டங்கள். 19இல் 3 போனால் மிச்சம் ஏறத்தாழ 2.5 லீற்றர். ஒரு துண்டம் மட்டும் போனால் 2.8. முழு வலது நுரையீரலும் போனால் 1.4. சுருட்டுப் பிடித்த முதியவர் 1.4இல்தான் தொடங்குகிறார், அவருக்கு வலது நுரையீரலை எடுத்தால் மிஞ்சுவது 0.7க்கும் குறைவு. அந்தச் சத்திரசிகிச்சைக்கு அவரைக் கொண்டுபோகவே கூடாது. ஆனால் இந்தத் துண்டக் கணக்கும் சில வேளை ஏமாற்றும். அவருடைய கட்டி, ஏற்கெனவே ஊதிப்போய் வேலை செய்யாத மேற்சோணையிலேயே இருந்தால், அந்தச் சோணையை எடுப்பதால் அவருக்குப் பெரிய நட்டமில்லை. அமுங்கிக் கிடந்த நல்ல பகுதி விரிந்து முந்தியைவிட நன்றாக மூச்சுவிட்டவர்களும் உண்டு. இன்னொன்றும் அளக்க வேண்டும்: உள்ளே போன காற்றிலிருந்து இரத்தத்துக்கு எவ்வளவு கடக்கிறது என்பதை. ஊதுவதில் வீரராக இருப்பவர் அதில் தோற்பதுண்டு.

இந்த இரண்டு அளவும் நடுத்தரமாக வந்தால்தான் படிக்கட்டு. 22 மீற்றர் உயரத்துக்கு நிற்காமல் ஏறிவிட்டால் பயம் குறைவு என்பது உலகம் ஏற்ற கணக்கு. அது ஏறத்தாழ ஏழு மாடி. குருநகர் ஐந்துமாடிக் குடியிருப்பின் உச்சிக்கு ஏறினாலும் காணாது. ஆனாலும், மேல்வீட்டில் இருக்கிற ஒருவர் தண்ணீர் வாளியோடு நாளுக்கு நாலுதரம் ஏறி இறங்குகிறார் என்ற செய்தி ஒரு டொக்டருக்குச் சில கருவிகளைவிடக் கூடச் சொல்லும்.

நெஞ்சைத் திறக்கும் முறையும் மாறிவிட்டது. 1991இல் மிலானில் ஜியான்கார்லோ ரொவியாரோ, விலாக்களை அகட்டாமல், சிறு துளைகளின் ஊடாகக் கமராவை விட்டு ஒரு சோணையை எடுத்தார். 2010இல் ஸ்பெயினின் டியேகோ கொன்சாலஸ் ரிவாஸ் அதை ஒரே ஒரு துளையால் செய்தார். நங்கூரம் இழுக்கிறவருக்கு இதன் அருமை தெரியும். விலாவை அகட்டிய நோவு மாதக்கணக்கில் தோளைத் தூக்கவிடாது.

மரபணுவையும் மருந்தையும் நான் தள்ளிவைக்கவில்லை. அவை ஆளுக்கேற்ற கணக்கின் இரண்டாவது அத்தியாயம். சில கட்டிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது 2004இல் தெரிந்தது. புகை தொடாதவர்களிடம், பெண்களிடம், ஆசியர்களிடம் அது கூடுதல். அடுப்படியைத் தவிர வேறு புகை அறியாத ஒரு குருநகர் அம்மாவுக்கு இந்த நோய் வந்தால், வெட்டி எடுத்த கட்டியை இதற்குச் சோதித்தே ஆகவேண்டும். மாற்றம் இருப்பவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று வருடம் ஒசிமெர்டினிப் குளிசை கொடுத்த ஆய்வில், ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 88. குளிசை இல்லாதவர்களில் 78. வேறு சிலருக்கு மருந்து வெட்டுமுன்னரே. உடலின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பும் நிவொலுமாப் மருந்தைக் கீமோவோடு சேர்த்து மூன்று தடவை கொடுத்துவிட்டு வெட்டிப் பார்த்தபோது, நாலு பேரில் ஒருவருக்குக் கட்டியில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லை. கீமோ மட்டும் பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். 2022இல் வந்த செய்தி இது. முதலில் கத்தி, பிறகு மருந்து என்ற ஒழுங்கும் இப்படி உடைந்தது. விலைதான் இங்கே மதில்.

யாழ்ப்பாணத்துக்குக் கத்தி புதிதன்று. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1867இலேயே சத்திரசிகிச்சைக்கென்று "இரண வைத்தியம்" என்ற நூலைத் தமிழில் கொண்டுவந்தவர். அரசாங்க அதிபர் டைக் 1850இல் நன்கொடை சேர்த்துத் தொடங்கிய ஆஸ்பத்திரிதான் இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. குருநகரிலிருந்து நடந்தே போய்விடலாம். நெஞ்சு வியாதி என்றால் ஒரு காலம் கடல் தாண்டி வேலூருக்குப் போனார்கள். அங்கே 1948இல் வந்து சேர்ந்த ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் இந்தியாவின் முதல் நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவை உருவாக்கியிருந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, மறுகரையில் ரயில் பிடித்து, எக்ஸ்ரே படத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு போன பயணங்கள். போர் அந்த வழியையும் அடைத்தது, தெற்கே போகிற வழியையும் அடைத்தது.

போர் முடிந்து இரண்டு வருடத்தில், 2011 ஜூலையில், நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இருவர் இலங்கையின் தெற்கு முனையான தேவேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறை வரை 27 நாளில் 670 கிலோமீற்றர் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப் பணம் சேர்க்கிற நடை. வழி நெடுகச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூட நடந்து உண்டியலில் போட்டார்கள். 2013இல் வைத்தியசாலை திறந்தது. அதற்கு முந்தி வடக்கில் புற்றுநோய் என்றால் தெற்கே மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பஸ் ஏற வேண்டும். பலர் அந்தப் பயணத்துக்குப் பயந்தே நோயை வீட்டில் வைத்திருந்தார்கள்.

இப்போது குருநகர்க்காரரின் வழி கொஞ்சம் குறுகியிருக்கிறது. ஆனால் முதல் வளைவிலேயே ஒரு பொறி உண்டு. இருமல், மெலிவு, சளியில் இரத்தம் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது காசநோய். நெருக்கமான வீடுகள், பழைய காசநோய்த் தழும்புகள், எக்ஸ்ரேயில் ஒரு நிழல், சந்தேகப்படுவதில் பிழையில்லை. சளியில் கிருமி தெரியாமலே காசநோய் மருந்தை மாதக்கணக்காக விழுங்குவதில்தான் பிழை. தெற்காசியா முழுவதும் நுரையீரல் புற்றுநோய்க்காரர் பலர் அந்த மாதங்களைத்தான் தொலைக்கிறார்கள். சளி சுத்தம், நிழல் மட்டும் போகவில்லை என்றால், சி.ரி. ஸ்கானையும் ஊசியால் எடுக்கும் சதைச் சோதனையையும் நோயாளியே வாய்விட்டுக் கேட்கலாம். புற்றுநோய் என்று உறுதியானதும் கீமோவுக்கும் கதிருக்கும் தெல்லிப்பழை. நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக்கு வெலிசறையில் சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை இருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையும் இருதய சத்திரசிகிச்சையே நடக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. புற்றுநோய் நிபுணர், நெஞ்சு நோய் நிபுணர், சத்திரசிகிச்சை நிபுணர், படங்களை வாசிப்பவர், சதையைப் பரிசோதிப்பவர் எல்லோரும் ஒரு மேசையில் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசுவதுதான் நல்ல ஒழுங்கு. அந்த மேசையில் ஸ்கான் படங்கள் எல்லாம் வந்துவிடும். ஆள் என்ன தொழில் செய்கிறார் என்பது பல வேளை வராது. முந்நூறு பேர் காத்திருக்கிற கிளினிக்கில் அதைக் கேட்க நேரமிருக்காது; கேட்காவிட்டாலும் நோயாளி சொல்லிவிட வேண்டும்.

வெட்டுமுன் செய்கிற வேலைகளில் நோயாளியின் பங்கு பெரிது. குறைந்தது நாலு கிழமைக்கு முன் பீடி, சுருட்டு, சிகரெட் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். பின்னேரத்தில் கடற்கரை வீதியில் வேகமாக நடக்கலாம். மூன்று பந்துகள் உள்ள அந்த மூச்சுப் பயிற்சிக் கருவியை உறிஞ்சிப் பந்துகளை மேலே நிறுத்திப் பழக வேண்டும். சுழியோடிகள் முதல் நாளே மூன்று பந்தையும் தூக்கிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்து, விலாவில் குழாயோடு, நோவில் இருமப் பயந்து கிடக்கிற நாட்களில் நிமோனியா வராமல் காப்பது இந்தப் பழக்கம்தான்.

கட்டியை எடுத்தாயிற்று, துண்டம் ஒன்றுதான் போனது, மிச்சம் 2.8 லீற்றர். விமானிக்கு நுரையீரல் மிஞ்சியது, சுழியோடி மூழ்குவாரா? சிலிண்டர் கட்டி இறங்குவதற்குப் பெரும்பாலான டொக்டர்மார் சம்மதிக்கமாட்டார்கள். தைத்த இடத்திலும் தழும்பிலும் சிக்கிய காற்று, மேலே ஏறும்போது விரிந்து நுரையீரலைக் கிழிக்கலாம். வெறும் மூச்சில் மூழ்குவதையும் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். கத்தி எவ்வளவு சிக்கனமாக நடந்தாலும் இந்த ஒரு வாசல் மூடத்தான் செய்யும். நண்டு வலைக்குப் போகலாம். இடுப்பளவுத் தண்ணீரில் கடலட்டைப் பண்ணை பார்க்கலாம். மூழ்கிப் பிடித்தவருக்கு அட்டையின் குணம் தெரியும். ஆனால் பண்ணைக்கு இடமும் அனுமதியும் வேண்டும், குஞ்சு வாங்கப் பணம் வேண்டும், பண்ணைகளால் தங்கள் வலைப்பாடு போகிறது என்று கரையில் நடக்கிற சண்டையும் ஓய வேண்டும். இதில் எதையும் சத்திரசிகிச்சை நிபுணர் செய்ய முடியாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தால் முடியும். அந்தப் பேச்சை, நோயாளி தழும்போடு வீடு வந்து மூன்று மாதம் கழிந்த பிறகு தொடங்காமல், அவருக்குச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த கிழமையே தொடங்கினால் காணும்.